பட்டப்பின் படிப்பும் பன்னாட்டு அபிவிருத்திப் பணியும்: ஒரு வரலாற்று நோக்கு

வறிய நாடொன்றில் எப்பயிருக்கு மானியம் வழங்குவது, எக்கிராமத்துக்குத் தெரு அமைப்பது, எவ்வாறான பாடசாலைகளைத் திறப்பது என்பன போன்ற தீர்மானங்களில், அந்நாட்டுக்கு வெளியேயிருந்து வரும் வல்லுநர்களின் அறிக்கைகள் பெரும் பங்கு வகிக்கும் நிலை இரண்டாம் உலகப் போரின் பின்னர் உருவாயிற்று. இவ்வறிக்கைகளை எழுதுவோர் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களின் பட்டப்பின் வகுப்புகளில் பயின்றவர்கள். ஆகவே அவ்வகுப்புகளில் எது கற்பிக்கப்பட்டது, எது கற்பிக்கப்படாது விடப்பட்டது என்னும் வினா அங்கு பயிலும் மாணவருக்கு மாத்திரம் உரிய வினாவன்று. அவ்வகுப்பின் வாயிலை ஒருபோதும் மிதித்திராத உழவருக்கும் தொழிலாளருக்கும் அதன் விளைவு சென்று சேர்கின்றது. பன்னாட்டு அபிவிருத்திப் பணிக்கு உயர்கல்வி ஒருவரை எங்ஙனம் ஆயத்தம் செய்து வந்துள்ளது என்பதனை, வரலாறு காட்டும் சில எடுத்துக்காட்டுகளின் வாயிலாக நோக்குவது பயனுடையதாகும்.

நிருவாகியிலிருந்து வல்லுநர் வரை

அந்நிய நாடொன்றில் பணிபுரியச் செல்வோருக்கு முன்கூட்டியே கல்வி அளித்தல் வேண்டும் என்னும் எண்ணம் குடியேற்றநாட்டு ஆட்சியோடு தோன்றியது. கிழக்கிந்தியக் கம்பனி தனது உத்தியோகத்தருக்கென 1806இல் இங்கிலாந்தில் தொடங்கி, பின்னர் ஹெயிலிபரி என்னுமிடத்தில் நிலைபெறச் செய்த கல்லூரி 1858 வரை இயங்கிற்று. குடித்தொகைக் கோட்பாட்டினாற் புகழ்பெற்ற தோமஸ் மல்தஸ் அங்கு வரலாறும் பொருளியலும் கற்பித்தார். சட்டமும் கீழைத்தேய மொழிகளும் அங்கு பாடங்களாக விளங்கின. ஆளப்படும் மக்களின் மொழியை ஆள்பவர் கற்றல் வேண்டும் என்ற விதி இக்கல்வியின் பகுதியாக இருந்தமை குறிப்பிடத்தக்கது. அதன் நோக்கம் வரியும் நீதியும் ஒழுங்காக நடைபெறுதலேயன்றி மக்களின் மேம்பாடன்று.

1904இல் இலங்கைச் சிவில் சேவையில் இணைந்த லெனார்ட் வூல்ப் கேம்பிரிட்ஜிற் கற்றது கிரேக்கமும் இலத்தீனும் ஆகும். யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய காலத்தில் அவர் தமிழ் பயின்றார். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது, உப்பளங்களின் வேலையையும், சேனைப் பயிர்ச்செய்கையையும், கால்நடைகளை மாய்த்த கொள்ளைநோயையும் நேரிற் கண்டார். 1912இல் அவர் சேவையை விட்டு விலகினார். 1913இல் அவர் வெளியிட்ட நாவல் காட்டோரக் கிராமமொன்றின் அழிவைச் சித்திரித்தது. 1916இல் வெளிவந்த அவரது சர்வதேச ஆட்சி பற்றிய நூல் பின்னர் சர்வதேச சங்கத்தை அமைப்போரின் கவனத்தைப் பெற்றது. இவ்விரு நூல்களுக்கும் மூலமாகிய அனுபவத்தை அவருக்கு வழங்கிய பள்ளிகளுள் அம்பாந்தோட்டையும் ஒன்றெனல் பொருந்தும்.

1946இல் பிரித்தானியா குடியேற்றநாட்டு உத்தியோகத்தருக்கென ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ், லண்டன் பல்கலைக்கழகங்களில் டெவன்ஷயர் வகுப்புகள் எனப்பட்ட பயிற்சியை ஆரம்பித்தது. புதியவர் முதலாம் வகுப்பை முடித்துக்கொண்டு மாவட்டமொன்றிற் பணிபுரியச் செல்வர். சில ஆண்டுகள் கழிந்த பின்னர் மீண்டும் பல்கலைக்கழகத்துக்கு வந்து, தாம் கண்டவற்றை வைத்து இரண்டாம் வகுப்பிற் பயில்வர். ஏகாதிபத்தியம் அந்திமக் காலத்தை எய்திக்கொண்டிருந்த வேளையில் வகுக்கப்பட்ட திட்டமாயினும், கற்றல், பணிபுரிதல், மீண்டும் கற்றல் என்ற அதன் ஒழுங்குமுறை ஆழ்ந்து நோக்கற்பாலது. இவ்வொழுங்குமுறை பின்னர் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

புதிய தொழிலொன்றின் தோற்றம்

1949 ஜனவரி 20இல் ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி ட்ரூமன் தமது பதவியேற்புரையின் நான்காம் அம்சமாக, வளர்ச்சி குன்றிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப அறிவை வழங்குவதாக அறிவித்தார். அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் தாபனமும் தொழில்நுட்ப உதவித் திட்டத்தை விரிவாக்க முடிவு செய்தது. 1950 ஜனவரியிற் கொழும்பிற் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர் மாநாட்டிலிருந்து கொழும்புத் திட்டம் உருவாகி 1951இற் செயற்படத் தொடங்கிற்று. அதன் புலமைப்பரிசில்கள் ஆசிய மாணவர் பலருக்கு வெளிநாட்டுப் பட்டப்பின் வகுப்புகளின் கதவைத் திறந்தன.

இத்தொழிலுக்கென நிறுவனங்களும் எழுந்தன. நெதர்லாந்தின் ஹேக் நகரிற் சமூகவியற் கற்கைகள் நிறுவகம் 1952இல் நிறுவப்பட்டது. உலக வங்கி 1955இற் பொருளாதார அபிவிருத்தி நிறுவகத்தை அமைத்தது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அபிவிருத்திக் கற்கைகள் நிறுவகம் 1966இல் தோன்றிற்று. 1963இல் உலக வங்கி இளம் உத்தியோகத்தரைச் சேர்ப்பதற்கெனத் தனித்திட்டமொன்றை ஏற்படுத்தியது. அதிற் சேர விரும்புவோருக்குப் பட்டப்பின் படிப்பு அடிப்படைத் தகுதியாயிற்று. இவ்வாறாக, உயர்பட்டம் அறிவின் அடையாளமாக இருந்த நிலையினின்று, தொழிலின் வாயிற்கதவைத் திறக்கும் திறவுகோலாக மாறிற்று. இம்மாற்றம் நன்மையையும் தீமையையும் ஒருங்கே கொண்டுவந்தது.

ஆதர் லூயிஸ்: ஆய்வேட்டுக்கு அப்பால்

1915இற் சென் லூசியாத் தீவிற் பிறந்த ஆதர் லூயிஸ் பொறியியலாளராக விரும்பினார். கறுப்பினத்தவரைப் பொறியியலாளராக ஏற்க அரசாங்கமோ தனியார் கம்பனியோ முன்வராத காலம் அது. எனவே அவர் 1933இல் லண்டன் பொருளியற் கல்லூரியிற் சேர்ந்து வணிகம் பயின்று, 1940இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரது ஆய்வேடு வணிகக் கம்பனிகள் தம் வாடிக்கையாளருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களைப் பற்றியது. அதில் வறிய நாடுகளின் பிரச்சினை இடம்பெறவில்லை. ஆயினும் விலை, செலவு, உற்பத்தி ஆகியவற்றை நுணுகி ஆராயும் பழக்கத்தை அது அவருக்கு அளித்தது.

1948இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், ஆசிய ஆபிரிக்க மாணவருக்கு விரிவுரையாற்ற நேர்ந்தபோது, தாம் கற்ற பொருளியல் அவர்தம் நாடுகளின் நிலைக்கு முழுமையாக விடை தரவில்லை என்பதை உணர்ந்தார். கைத்தொழில் வளர்ந்த பின்னரும் கூலி நெடுங்காலம் உயராதிருந்தது ஏன் என்னும் வினா அவரை அலைக்கழித்தது. 1952 ஓகஸ்டில் பாங்கொக் நகரத் தெருவொன்றில் நடந்து செல்கையில் அதற்கான விடை புலப்பட்டதாக அவரே பின்னர் கூறியுள்ளார். கிராமங்களில் மிகையாகத் தேங்கி நிற்கும் உழைப்பாளர் நகரத் தொழில்களுக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் வரை கூலி உயராது என்பதே அவ்விடையின் சாரம். 1954இல் வெளியான அக்கட்டுரையே 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைப்பதற்கு முதன்மைக் காரணமாயிற்று.

ஆயினும் லூயிஸின் வாழ்வில் வேறொரு பாடமும் உண்டு. 1953இற் கோல்ட் கோஸ்ட் நாட்டின் கைத்தொழிலாக்கம் பற்றி அவர் அளித்த அறிக்கை, ஆலைகளைக் கட்டுவதற்கு முன்னர் உணவுப் பயிர்ச்செய்கையின் விளைதிறனை உயர்த்துமாறு வற்புறுத்தியது. அந்நாடு 1957இற் கானா என்ற பெயருடன் சுதந்திரமடைந்ததும் அவர் அதன் பொருளாதார ஆலோசகரானார். செலவுத் திட்டங்கள் அரசியல் நோக்கத்தோடு வகுக்கப்படுவதை ஏற்க மறுத்த அவருக்கும் பிரதமர் நுக்ருமாவுக்குமிடையே கருத்து வேறுபாடு முற்றிற்று. 1958 முடிவில் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். சரியான ஆலோசனை ஏற்கப்படும் என்பதற்கு எப்பட்டமும் உத்தரவாதமளிக்காது. 1970 முதல் 1973 வரை கரீபியன் அபிவிருத்தி வங்கியின் முதற்றலைவராகக் கடமையாற்றிய போது, இவ்வநுபவம் அவருக்குத் துணையாக இருந்திருத்தல் கூடும்.

கமனி கொரயா: ஆய்வேடே வாழ்க்கைப் பணியாக

லூயிஸின் ஆய்வேடும் பிற்காலப் பணியும் வெவ்வேறு திசைகளில் அமைந்தன. இலங்கையரான கமனி கொரயாவின் வாழ்விலோ இரண்டும் ஒன்றாயின. கேம்பிரிட்ஜிற் கற்று, ஒக்ஸ்போடின் நபீல்ட் கல்லூரியிற் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்த அவர், தமது சொந்த நாட்டையே ஆய்வுப் பொருளாகக் கொண்டார். ஏற்றுமதிப் பொருளாதாரமொன்றின் நிலையின்மையே அவர் எடுத்துக்கொண்ட விடயம். அவ்வாய்வை அடிப்படையாகக் கொண்ட நூலை மார்கா நிறுவகம் 1975இற் பிரசுரித்தது.

அவ்விடயம் நூலகத்தில் மாத்திரம் பிறந்ததன்று. அக்காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் 90 வீதத்துக்கும் மேற்பட்ட பங்கு தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்கள் ஆகிய மூன்றிலிருந்தே கிடைத்தது. கொரியப் போரின்போது இறப்பரின் விலை திடீரென உயர்ந்தது. பின்னர் அதே வேகத்தில் வீழ்ந்தது. 1952இற் சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டதும், அரிசி மானியக் குறைப்பை எதிர்த்து 1953 ஓகஸ்டில் ஹர்த்தால் வெடித்ததும் இச்சூழ்நிலையிலேயாம். தொலைவிலுள்ள சந்தையொன்றில் விலை அசையுந்தோறும் உள்நாட்டு ஏழையின் உணவுத் தட்டும் அசையும் என்ற உண்மையைக் கொரயா புள்ளிவிவரங்களால் ஆராய்ந்தார்.

நாடு திரும்பித் தேசியத் திட்டமிடற் பணியிலும், 1965 முதல் 1970 வரை திட்டமிடல் அமைச்சின் செயலாளராகவும் பணியாற்றிய அவர், 1974இல் வர்த்தக, அபிவிருத்தி தொடர்பான ஐக்கிய நாடுகள் மாநாட்டின் செயலாளர் நாயகமானார். 1976இல் நைரோபியில் நடைபெற்ற அமர்வு, பண்டங்களுக்கான ஒன்றிணைந்த திட்டத்தை ஏற்றது. தேயிலை, இறப்பர், சணல், கொக்கோ முதலிய முதன்மைப் பண்டங்களின் கையிருப்பைப் பொது நிதியொன்றின் உதவியால் பேணி, விலையின் ஏற்றவிறக்கத்தைத் தணிப்பதே அதன் நோக்கமாகும். மாணவராக இருந்து கண்டறிந்த நோய்க்கு உலகளாவிய மருந்தொன்றை அவர் தேடினார் எனலாம்.

ஆனால் மருந்து முழுமையாகக் கிட்டவில்லை. 600 கோடி டொலர் என முதலிற் கருதப்பட்ட நிதி, செல்வந்த நாடுகளுடனான பேச்சுவார்த்தைகளின்போது மிகச் சுருங்கிற்று. 1980இல் உடன்பாடு எட்டப்பட்டபோதிலும், அது நடைமுறைக்கு வந்தது 1989இலேயே. அதற்குள் 1985இல் உலக வெள்ளீய உடன்படிக்கை சரிந்து, கையிருப்பு முறையில் வைத்த நம்பிக்கையும் தளர்ந்துவிட்டது. நோயைச் சரியாக இனங்காண ஆய்வுக் கல்வி உதவும். அதைத் தீர்க்கும் வலிமையோ நாடுகளின் நலன்களிடையே சிக்குண்டிருக்கும். இவ்விரண்டுக்குமிடையே பத்தாண்டுகள் சலியாது பேச்சுவார்த்தை நடத்தும் பொறுமையையும் பணிக்கான தகுதிகளுள் ஒன்றாகக் கொள்ளல் வேண்டும்.

தம்பையா: கிராமத்தை வாசித்தல்

பொருளியலுக்கு வெளியேயிருந்து வந்தவர்களையும் நோக்குதல் தகும். 1929இற் பிறந்து, 1951இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா, 1954இல் ஐக்கிய அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதியானார். திரும்பி வந்து பேராதனையிற் சமூகவியல் கற்பித்த அவர், என். கே. சர்க்காருடன் இணைந்து பாத்த தும்பறைக் கிராமங்களில் நிகழ்த்திய ஆய்வு 1957இல் நூலாயிற்று. நிலமின்மையும் வேலையின்மையும் கிராமத்தை எவ்வாறு சிதைக்கின்றன என்பதை அந்நூல் வீடுவீடாகத் திரட்டிய தரவுகளால் நிறுவிற்று.

1956 ஜூனில் அவர் மாணவருடன் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்த வேளையில், அங்கு இனக்கலவரம் மூண்டது. நாட்டின் தலைசிறந்த அபிவிருத்தித் திட்டமெனப் போற்றப்பட்ட இடத்திலேயே மனிதர் மனிதரைக் கொன்றனர். அணையின் கொள்ளளவையும் ஏக்கர்க் கணக்கையும் கூறும் எத்திட்ட அறிக்கையும் இத்தகைய நிகழ்வை முன்னறிந்து கூறியதில்லை. 1960 முதல் 1963 வரை யுனெஸ்கோவின் வல்லுநராகத் தாய்லாந்திற் பணியாற்றிய தம்பையா, அந்நாட்டின் வடகிழக்குக் கிராமமொன்றின் சமய வாழ்வை ஆராய்ந்து 1970இற் பெருநூலொன்றை வெளியிட்டார். பின்னர் கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹார்வாட் பல்கலைக்கழகங்களிற் கற்பித்து, 2014இல் மறைந்தார். கல்லோயாவிற் கண்ட வன்முறை அவரது பிற்கால நூல்களில் மீண்டும் மீண்டும் ஆய்வுக்குரிய பொருளாயிற்று. மக்கள் எதை நம்புகின்றனர், யாரை அஞ்சுகின்றனர் என அறியாத அபிவிருத்தி குருடானது என்பதை அவர்தம் வாழ்வு உணர்த்துகின்றது.

பாடத்திட்டத்தின் மீதான கேள்விகள்

வகுப்பறைக்கும் களத்துக்குமிடையே இவ்வாறு தோன்றிய இடைவெளியைப் பாடத்திட்டத்தின் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டு எழுதியவர் தட்லி சீயர்ஸ். 1963இல் வெளியான கட்டுரையொன்றில் அவர், பல்கலைக்கழகங்களிற் பொதுவிதி எனக் கற்பிக்கப்படும் பொருளியல், உண்மையிற் கைத்தொழில் வளர்ச்சியுற்ற சில நாடுகளுக்கு மாத்திரம் பொருந்தும் சிறப்பு நிலையே என வாதிட்டார். உலக மக்களுட் பெரும்பான்மையினர் அவ்வாறான நாடுகளில் வாழ்வதில்லை. எனினும் அந்நூல்களைக் கற்ற பட்டதாரிகளே அவர்களுக்கு ஆலோசனை கூறச் செல்கின்றனர். 1967 முதல் 1972 வரை சசெக்ஸ் நிறுவகத்தின் பணிப்பாளராக விளங்கிய சீயர்ஸ், வருமான வளர்ச்சியை மட்டும் அபிவிருத்தி எனக் கொள்ளாது, வறுமையும் வேலையின்மையும் சமமின்மையும் குறைந்தனவா என வினவுமாறு மாணவரைத் தூண்டினார்.

அவரது கருத்து இலங்கையிற் சோதிக்கப்பட்டது. 1971 ஏப்பிரலில் இந்நாட்டுக் கிராமப்புறத்தின் படித்த இளைஞர் ஆயுதமேந்திக் கிளர்ந்தெழுந்தனர். அதே ஆண்டிற் சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழிலாளர் தாபனக் குழு இலங்கையின் வேலையின்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. பாடசாலைக் கல்வி இளைஞரிடத்து வளர்த்த எதிர்பார்ப்புக்கும் நாட்டில் உண்மையாகக் கிடைக்கும் தொழில்களுக்குமிடையேயான பொருத்தமின்மையை அவ்வறிக்கை மையப்பொருளாக்கிற்று. சசெக்ஸ் நிறுவகத்தைச் சேர்ந்த ரொனல்ட் டோர் 1976இல் வெளியிட்ட நூலில், இங்கிலாந்து, யப்பான், இலங்கை, கென்யா ஆகிய நாடுகளை ஒப்பிட்டு, தொழிலுக்காகச் சான்றிதழ் தேடும் போட்டி கற்றலையே அழித்துவிடுகின்றது என எச்சரித்தார். பட்டம் வழங்கும் தாபனமொன்றினுள்ளிருந்தே பட்ட மோகத்தைக் கண்டிக்கும் குரல் எழுந்தமை அத்தாபனத்துக்குப் பெருமை தருவதாகும்.

களத்திற் கற்றலின் முறையும் இக்காலத்திற் செம்மையுற்றது. இலங்கையின் விவசாயக் குடியேற்றங்கள் பற்றி 1957இல் நூல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி. எச். ஃபாமரின் தலைமையில், தமிழ்நாட்டின் வடஆர்க்காடு மாவட்டத்திலும், முன்னர் வூல்ப் ஆட்சி செய்த அதே அம்பாந்தோட்டையிலும் பசுமைப் புரட்சி ஆராயப்பட்டது. கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் அதிற் பங்குகொண்டன. 1977இல் வெளிவந்த அந்நூலின் தலைப்பிலே பசுமைப் புரட்சி என்ற தொடருக்குப் பின் வினாக்குறி இடப்பட்டிருந்தது. நீர்வசதியும் மண்ணும் ஊருக்கு ஊர் வேறுபட்டமையால், புதிய நெல்லினங்கள் எங்கும் ஒரே வகையான பயனைத் தரவில்லை.

அவ்வாய்விற் பங்குகொண்ட ரொபேட் சேம்பர்ஸ் கென்யாவில் மாவட்ட நிருவாகியாகப் பணியாற்றிய பின்னரே மன்செஸ்டரிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1983இல் வெளியிட்ட நூலில், நகரிலிருந்து வரும் வல்லுநர் தாரிட்ட தெருவோரக் கிராமங்களையே காண்கின்றனர், வரண்ட பருவத்திலேயே வருகின்றனர், வசதியுள்ள ஆண்களுடனேயே உரையாடுகின்றனர் என அவர் எடுத்துக்காட்டினார். மாரியில் வழி துண்டிக்கப்பட்ட ஊரிற் பசியோடிருக்கும் விதவைப் பெண் அவர்தம் கண்ணிற் படுவதேயில்லை. பட்டம் கற்பித்த பார்வையின் குறையை மற்றொரு பட்டத்தால் திருத்த முடியாது. தெருவை விட்டு இறங்கி நடத்தலே அதற்கு மருந்து.

முடிவுரை

2008இற் சர்வதேச ஆணைக்குழுவொன்று, அபிவிருத்திப் பணியாளர் ஒரு துறையை மட்டும் கற்றிருத்தல் போதாது எனவும், சுகாதாரம், இயற்கை விஞ்ஞானம், சமூக விஞ்ஞானம், முகாமைத்துவம் ஆகிய நான்கையும் களப்பயிற்சியுடன் இணைத்துக் கற்றல் வேண்டும் எனவும் விதந்துரைத்தது. 2009இற் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த முதுமாணிப் பாடநெறி பின்னர் பல நாடுகளுக்குப் பரவிற்று. இது வரவேற்கத்தக்கதாயினும், இங்கு கூறப்பட்டோரின் வாழ்க்கை வரலாறுகள் பாடநெறிக்கு அப்பாலும் சிலவற்றை உணர்த்துகின்றன.

உயர்கல்வி ஒருவருக்கு மூன்றினை வழங்குகின்றது: சிக்கலான நிலையைப் பகுத்தறியும் கோட்பாடு, தரவைத் திரட்டிச் சோதிக்கும் முறை, பன்னாட்டவருடன் சமமாக உரையாடும் தகுதி. இவையின்றிக் கொரயா பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்திருக்க முடியாது. ஆனால் கற்ற கோட்பாடு எங்கு பொருந்தாது என்பதை அறியும் ஆற்றலே ஆயத்தத்தின் நிறைவாகும். லூயிஸ் அதனை மாணவரின் வினாக்களிலிருந்து பெற்றார். கொரயாவுக்கு அதனை அளித்தது தாய்நாட்டின் வரவுசெலவுக் கணக்கு. கல்லோயாவின் கொடிய நாள்களே தம்பையாவுக்கு ஆசானாயின.

இவ்வுண்மை தாய்மொழியிற் பட்டப்படிப்பை முடிக்கும் மாணவருக்குச் சிறப்பாகப் பொருந்தும். 1960ஆம் ஆண்டளவில் இலங்கையிற் கலைப்பாடங்கள் சுயமொழிகளிற் கற்பிக்கப்படத் தொடங்கியதிலிருந்து, ஆங்கில நூல்களின் எட்டாமை அவர்களுக்குப் பெருந்தடையாக இருந்து வந்துள்ளது. அத்தடையைக் கடக்க அவர்கள் உழைத்தே ஆகல் வேண்டும். அதே வேளையில், உழவரின் மொழியைப் பேசுவதும், குளக்கட்டின் வழக்கங்களைச் சிறுவயது முதல் அறிந்திருப்பதும் வெளிநாட்டு வல்லுநர் பல ஆண்டுகள் முயன்று பெற வேண்டியிருந்த அறிவாகும். அதனைத் தாழ்வாகக் கருதுதல் அறியாமை.

தாபனங்கள் நிலையானவையல்ல. 1961இல் தோன்றி, உலகெங்கும் அபிவிருத்திப் பணியாளர் பல்லாயிரவருக்குத் தொழிலளித்த ஐக்கிய அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி முகவரகம் 2025 ஜூலை 1 முதல் தன் உதவிப் பணியை நிறுத்திக்கொண்டது. பதவியை மட்டும் நோக்கிப் பட்டம் பெற்றவருக்கு இது பேரிழப்பு. பிரச்சினையொன்றை நோக்கிக் கற்றவருக்கோ பிரச்சினை அவ்விடத்திலேயே இருக்கின்றது. கற்ற கல்வியும் கையிலேயே இருக்கின்றது. பழைய டெவன்ஷயர் வகுப்புகளின் எசமானத்துவத்தை நீக்கி, அவற்றின் நல்ல ஒழுங்கை மட்டும் ஏற்று, பணிபுரிந்தோர் மீண்டும் கற்க வரும் வாயிலாகப் பல்கலைக்கழகங்கள் தம்மை அமைத்துக்கொள்ளுமாயின், தெருவோரத்திலிருந்து தொலைவிலுள்ள ஊரும் அவ்வகுப்புகளின் பாடங்களில் இடம்பெறும். அவ்வூருக்கு அக்கல்வியாற் பயன் விளைந்ததா என்பதே இத்தகைய பட்டங்களின் இறுதிப் பரீட்சையாகும்.